குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி: எவ்வளவு அரிது, எப்போது கவனிக்க வேண்டும்?



இந்த இதழின் சுகாதாரப் பாடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வருத்தத்தைப் பற்றிப் பார்ப்போம். இதன் பெயர் வில்ம்ஸ் கட்டி. பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் இது. மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1899ஆம் ஆண்டு இதைப்பற்றி விரிவாக எழுதினார். அதனால் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. வைத்தியசாலைக் கடிதங்களில் 'நெப்ரோபிளாஸ்ரோமா' என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதேங்கோ. இது மிகவும் அரிதான வருத்தம். வந்தாலும் பெரும்பாலும் மாற்றக்கூடிய வருத்தம். ஆனால் நேரத்துக்குக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த தாய் தகப்பன் பலர் ஜீ.பி.யிடம் போகவே தயங்குகிறார்கள். மொழி தெரியாது, கையில் பத்திரம் இல்லை, கேஸ் பாதிக்கப்படுமோ என்ற பயம். அந்தத் தயக்கத்தில் நாட்கள் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு அரிது? ஒரு கணக்கு

ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கோ. காலைப் பிரார்த்தனைக்கு மைதானம் நிறைந்து நிற்கும். அப்படிப் பத்துப் பள்ளிக்கூடங்கள். மொத்தம் 10,000 பிள்ளைகள். அந்தப் பத்துப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்து, ஏறக்குறைய ஒரேயொரு பிள்ளைக்குத்தான் குழந்தைப் பருவத்தில் இந்தக் கட்டி வரும். மற்ற 9,999 பிள்ளைகளுக்கு வராது.

பிரித்தானியா முழுவதிலும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 80 தொடக்கம் 90 பிள்ளைகளுக்குத்தான் இது கண்டுபிடிக்கப்படுகிறது. ஒரு ஜீ.பி. தன்னுடைய தொழில் வாழ்க்கை முழுவதும் ஒரு பிள்ளையைக்கூட இந்த வருத்தத்தோடு பார்க்காமல் ஓய்வு பெறலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கண்ட மாற்றத்தை நீங்கள்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாம் அவருக்குத் தானாகவே தெரிந்திருக்கும் என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தால், பத்தில் ஒன்பது தடவை அது வில்ம்ஸ் கட்டியாகத்தான் இருக்கும். ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தால் அரிது, சிறுநீரகப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குள் பார்த்தால் அதுதான் அதிகம். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்த வயதில் வரும்?

மூன்று, நாலு வயதில்தான் அதிகம். நாலில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கு 5 வயதுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்படுகிறது. 10 வயதுக்குப் பிறகு மிக மிக அரிது.

பிறந்து மூன்று மாதத்துக்குள் ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் கட்டி இருந்தால், அது அநேகமாக வில்ம்ஸ் கட்டி அல்ல. 'மீசோபிளாஸ்ரிக் நெப்ரோமா' என்ற வேறொரு கட்டிதான் அந்த வயதில் கூடுதலாகக் காணப்படுவது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சையில் அதை எடுத்துவிட்டாலே போதும். சிறுநீரகத்தில் வரும் வேறு சில கட்டிகள் கடுமையானவை. ஆனால் அவை வில்ம்ஸ் கட்டியையும் விட அரிது. எது என்று கட்டியைப் பரிசோதித்துத்தான் வைத்தியர்கள் சொல்வார்கள். வெளியில் இருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

அநேகமாக ஒரு பக்கச் சிறுநீரகத்தில் மட்டும்தான் வரும். 100 பிள்ளைகளில் 5 தொடக்கம் 7 பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கலாம்.

ஏன் வருகிறது? யாருடைய பிழை?

யாருடைய பிழையும் இல்லை. இதை முதலில் மனதில் எழுதி வையுங்கோ.

பிள்ளை வயிற்றில் உருவாகும்போது சிறுநீரகமும் சிறிது சிறிதாக வளருகிறது. அப்போது இருக்கும் ஆரம்பக் கலங்கள் பிறப்பதற்குள் முதிர்ந்து, முழுச் சிறுநீரகக் கலங்களாக மாறிவிட வேண்டும். சில பிள்ளைகளில் ஒரு சில கலங்கள் முதிராமல் அப்படியே தங்கிவிடுகின்றன. அவை பின்னர் கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் கட்டியாகிறது. சின்ன வயதிலேயே இது வருவதற்கும், வளர்ந்த பிறகு வராததற்கும் அதுதான் காரணம்.

கர்ப்பமாக இருக்கும்போது பயணம் செய்தது, முகாமில் சரியான சாப்பாடு கிடைக்காதது, அழுதது, பயந்தது, இவற்றால் வந்தது என்று ஒரு தாயும் தன்னைக் குற்றம் சொல்ல வேண்டாம். கண்ணூறும் இல்லை, ஆரும் செய்த வினையும் இல்லை. இது தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும், ஒரே கட்டிலில் படுத்தாலும் மற்றப் பிள்ளைக்கு வராது. குடும்பத்தில் தொடர்ந்து வருவது 100 இல் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத்தான்.

இலங்கையில் வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்கு வரும் 'கிட்னி வருத்தம்' பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தம் சுத்திகரிக்க மெஷினில் போடுவார்களே, அது. அது வேறு, இது வேறு. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழப்பது. வில்ம்ஸ் கட்டி உள்ள பிள்ளையின் மற்றச் சிறுநீரகம் வழக்கமாக நல்லபடி வேலை செய்துகொண்டிருக்கும்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் வாய்ப்புக் கொஞ்சம் கூட. பிறக்கும்போதே கண்ணில் நிற வளையம் இல்லாத பிள்ளைகள், உடம்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடப் பெரிதாக வளரும் பிள்ளைகள், 'பெக்வித் வீடமன்' என்ற பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இதில் அடங்குவர். இப்படியான பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 7 வயது வரை, 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கான் செய்து பார்ப்பது இங்கே வழக்கம். ஊரில் உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதும் சொல்லியிருந்தால், ஜீ.பி.யிடம் பதியும் நாளே அதைச் சொல்லுங்கோ. ஊர் வைத்தியசாலைத் துண்டு ஏதும் இருந்தால் கொண்டு போங்கோ. தமிழில் இருந்தாலும் பரவாயில்லை.

என்ன அறிகுறிகள்?

1. வயிற்றின் ஒரு பக்கத்தில் வீக்கம் அல்லது கட்டி. தொட்டால் இறுக்கமாக இருக்கும். அநேகமாக நோகாது.
2. வயிறு மட்டும் பெருத்து, காற்சட்டை இடுப்பில் இறுகுதல். கை கால் முன்னர் போலவே இருக்கும், அல்லது மெலியும்.
3. சலத்தில் இரத்தம். ரோஸ், சிவப்பு, அல்லது கோலா நிறமாக இருக்கலாம்.
4. காரணம் தெரியாத காய்ச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை, சோர்வு.
5. சிலருக்கு வயிற்று நோ, மலச்சிக்கல். இரத்த அழுத்தமும் கூடியிருக்கலாம், ஆனால் அது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இதில் மிக முக்கியமானது முதலாவது. நோகாத கட்டி என்பதால் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று நாங்களும் விட்டுவிடுவோம். பல பிள்ளைகளுக்கு இதை முதலில் கண்டுபிடிப்பது வைத்தியர் அல்ல, குளிக்க வார்க்கும்போதோ உடுப்பு மாற்றும்போதோ தாயோ அம்மம்மாவோதான். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிக்க வார்க்கும் வழக்கம் உள்ளவர்கள். அந்தக் கை ஒரு மாற்றத்தை உணர்ந்தால் அதை நம்புங்கோ.

ஆனால் ஒன்று. கட்டி இருப்பதாகத் தெரிந்தால் அதைத் திரும்பத் திரும்ப அமத்திப் பார்க்காதேங்கோ. எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் தொட்டுப் பார்க்கக் கொடுக்கவும் வேண்டாம். கட்டி உள்ளே வெடித்தால் வருத்தம் வயிற்றுக்குள் பரவலாம்.

பயப்பிடாமல் இருக்க இதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வயிறு கொஞ்சம் முன்தள்ளி இருப்பது இயல்பு. மலச்சிக்கலாலும் வயிறு ஊதும். பீற்றூட் சாப்பிட்டால் சலம் சிவக்கும். வயிறு பெருத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டி இல்லை. ஆனால் எது என்று தீர்மானிப்பது எங்களுடைய வேலை இல்லை. 'பூச்சி வயிறு' என்று பூச்சி மருந்து கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருப்பதும் சரியில்லை. வைத்தியர் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

ஜீ.பி.யிடம் எப்படிப் போவது, என்ன சொல்வது?

ஜீ.பி.யிடம் பதிவது எல்லோருக்கும் இலவசம். உங்கள் கேஸ் எந்த நிலையில் இருந்தாலும் பதியலாம். இங்கிலாந்தில், கடவுச்சீட்டு இல்லை, முகவரிக்கு அத்தாட்சி இல்லை என்ற காரணத்துக்காக உங்களைப் பதிய மறுக்கக் கூடாது. கவுண்டரில் இருப்பவர் மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு, அதை எங்களிடம் கொண்டு வாருங்கோ.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம். நேரம் குறிக்கும்போதே 'தமிழ் இன்ரபிறிற்றர் பிளீஸ்' என்று சொல்லுங்கோ. பக்கத்து அறைக்காரரையோ, பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. எட்டு வயதுப் பிள்ளை தன் தம்பியின் வருத்தத்தை ஏன் தன் வாயால் சொல்ல வேண்டும்?

அவசரத்துக்கு இரண்டு வசனம் பாடமாக்கி வையுங்கோ. 'லம்ப் இன் ஹிஸ் ரம்மி' என்றால் வயிற்றில் கட்டி. 'பிளட் இன் ஹிஸ் யூரின்' என்றால் சலத்தில் இரத்தம். பெண் பிள்ளை என்றால் 'ஹிஸ்' என்பதற்குப் பதில் 'ஹேர்'.

இங்கிலாந்தில் வைத்தியர்களுக்கு 'நைஸ்' என்ற அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. பிள்ளையின் வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி இருந்தாலோ, காரணம் தெரியாமல் சலத்தில் இரத்தம் போனாலோ, 48 மணித்தியாலத்துக்குள் சிறுவர் நிபுணர் பார்ப்பதற்கு அனுப்புவதை யோசிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே 'இரண்டு கிழமை கழித்து வா' என்று சொன்னால், 'கட்டி இருக்கு, வயிற்றைத் தொட்டுப் பாருங்கோ' என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கோ. பிள்ளைக்குக் கடும் வயிற்று நோ வந்தால், சடுதியாக வெளிறிச் சோர்ந்தால், காத்திருக்க வேண்டாம். 999க்கு அடியுங்கோ. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 111. அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

காசு கட்ட வேண்டுமா?

அகதித் தஞ்சக் கோரிக்கையோ அப்பீலோ நடந்துகொண்டிருந்தால், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்.எச்.எஸ். வைத்தியசாலைச் சிகிச்சை முழுவதும் இலவசம். ஸ்கான், சத்திரசிகிச்சை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும்.

கோரிக்கை முற்றாக நிராகரிக்கப்பட்டவர்களுக்கு ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இலவசம். இங்கிலாந்தில் சிலருக்கு வைத்தியசாலைச் சிகிச்சைக்குப் பில் வரலாம். ஆனாலும் கோரிக்கை நடக்கும்போது தொடங்கிய சிகிச்சை, நிராகரித்த பிறகும் இலவசமாகவே தொடரும். அவசரமான சிகிச்சையை முற்பணம் கட்டவில்லை என்று நிறுத்தவும் கூடாது. பில் வந்தால் கிழித்து எறியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கோ.

ஹோம் ஒஃபிஸ் உதவியில் இருப்பவர்களுக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் உண்டு. அதைக் காட்டி வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ், ரயில் காசைத் திரும்பப் பெறலாம். ரிக்கற்றுகளை வைத்திருங்கோ.

பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதால் உங்கள் கேஸ் கெடாது. கடுமையான வருத்தம் கண்டுபிடிக்கப்பட்டால் உங்கள் சொலிசிற்றருக்குச் சொல்லுங்கோ. வேறு ஊருக்கு வீடு மாற்றப் போகிறார்கள் என்றால், சிகிச்சை நடக்கும் வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கி உடனே அனுப்ப வேண்டும். முகவரி மாறினால் அன்றைக்கே வைத்தியசாலைக்கும் ஜீ.பி.க்கும் சொல்லுங்கோ. நியமனக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்தால் பிள்ளையின் நாள்தான் போகும்.

சிகிச்சை எப்படி?

முதலில் வயிற்றை ஸ்கான் செய்வார்கள். இது நோகாது. பிறகு நெஞ்சையும் படம் எடுப்பார்கள், ஏனென்றால் இந்தக் கட்டி பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். சிறுவர் புற்றுநோய் பார்ப்பதற்கென்றே பெரிய வைத்தியசாலைகள் சில உள்ளன. உதாரணமாக லண்டனில் கிரேற் ஓர்மண்ட் ஸ்ரீற். அங்கே அனுப்பினால், 'இனி ஒன்றும் செய்ய ஏலாது, அதுதான் அனுப்புகினம்' என்று நினைக்க வேண்டாம். இந்த வருத்தத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கமாக முதலில் 4 கிழமை மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவார்கள். பரவியிருந்தால் 6 கிழமை. பிறகுதான் சத்திரசிகிச்சை. அதன் பின்னும் மருந்து தொடரும். சில பிள்ளைகளுக்குக் கதிர்ச் சிகிச்சையும் தேவைப்படும். கனடாவில், அமெரிக்காவில் அநேகமாக முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு மருந்து கொடுப்பார்கள். கனடாவில் இருக்கும் சித்தப்பா போன் எடுத்து, 'அங்கே ஏன் இன்னும் ஒப்பரேசன் செய்யவில்லை, அகதி என்றபடியாலோ?' என்று கேட்டால் குழம்பாதேங்கோ. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே முறைதான். இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே.

மருந்துகளில் ஒன்றின் பெயர் வின்கிறிஸ்ரின். இது முதலில் எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமோ? எங்கள் ஊர் வளவில் ரோஸும் வெள்ளையுமாகப் பூக்கும் பட்டிப்பூச் செடியில் இருந்து. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். அதற்காக இலையை அவித்துக் குடிக்கக் கொடுத்துவிடாதேங்கோ. செடியில் நஞ்சு இருக்கிறது. மருந்தை அளந்து, சுத்தமாக்கி, இரத்தக் குழாய்க்குள் மட்டுமே ஏற்றுவார்கள். சிகிச்சை நடக்கும்போது எந்த நாட்டு மருந்தையும், எந்த மூலிகையையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மருந்து ஏற்றும் காலத்தில் பிள்ளையின் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். காய்ச்சல் 38 பாகைக்கு வந்தால், இரவு இரண்டு மணி என்றாலும் வார்ட்டுக்கு உடனே போன் எடுக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை அமத்தக் கூடாது. ஹொட்டேலிலோ பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் வீட்டிலோ இருந்தால், ஆருக்காவது கொப்புளிப்பான் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். வீட்டில் தேர்மோமீற்றர் இல்லையென்றால் வார்ட் தாதியிடம் கேளுங்கோ.

முடி கொட்டலாம். பிறகு வளரும். ஒரு சிறுநீரகத்தோடு பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், ஓடி விளையாடலாம், வளர்ந்து குடும்பமாகலாம். பல வருடங்களுக்குக் கிளினிக் போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முடிவு எப்படி இருக்கும்?

இந்த நாட்டில் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய நிலையில் வந்தவர்களிலும் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். அந்தப் பத்தாவது பிள்ளையை மறைத்து நான் எழுத விரும்பவில்லை. கட்டியின் வகை கடுமையாக இருந்தால், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் சிகிச்சை கஷ்டமாக இருக்கலாம். ஆனால் கட்டியின் வகை எங்கள் கையில் இல்லை. வைத்தியரிடம் போகும் நாள் எங்கள் கையில் இருக்கிறது.

நினைவில் வைக்க

• 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கு. அநேகமாக 5 வயதுக்குள்.
• நோகாத வயிற்றுக் கட்டியும், சலத்தில் இரத்தமும் பிள்ளைகளில் எப்போதும் வைத்தியர் பார்க்க வேண்டியவை.
• கட்டியை அமத்தாதேங்கோ, உருவாதேங்கோ.
• ஜீ.பி., மொழிபெயர்ப்பாளர் இரண்டும் இலவசம்.
• கேஸ் நடக்கும்போது வைத்தியசாலையும் இலவசம்.

இன்னும் ஜீ.பி.யிடம் பதியாதவர்கள் இந்தக் கிழமையே பதியுங்கோ. படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்கள் ஆலோசனை நேரத்தில் வாருங்கோ, இருந்து நிரப்பித் தருகிறோம். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பக்கத்து அறைத் தாயிடமும் கொடுங்கோ.